சித்திரக்கதை வீராங்கனைக்கு ஏன் அரைகுறை உடை?

வாளையாறு தாண்டிப் பிழைக்க வந்த நம்மவர்களில், சின்ன வயதில் சித்திரக்கதை படித்து வளர்ந்த யாரிடமாவது "இளவரசி யார்?" என்று கேட்டுப் பாருங்கள். நடிகை பெயரைச் சொல்லமாட்டார். "மாடஸ்டி பிளைசி" என்பார், சட்டென்று!

1984-ம் ஆண்டு ஜூலை மாதம் சிவகாசியில் 'லயன் காமிக்ஸ்' தொடங்கியபோது, முதல் இதழின் நாயகி இவள்தான். கதையின் பெயர் 'கத்தி முனையில் மாடஸ்டி'. அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே அதே ஊரில் 'முத்து காமிக்ஸ்' இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்து பிள்ளைகளைக் கட்டிப்போட்டிருந்தது. ஆண்கள் ஆண்ட அந்த உலகத்தில், ஒரு பெண்ணை நம்பிப் புதுக்கடை விரித்தது சாமானிய காரியம் அல்ல.

மாடஸ்டிக்கு மாயசக்தி எதுவும் கிடையாது. பறக்கமாட்டாள், மறையமாட்டாள். மூளையும் பயிற்சியும்தான் முதல். லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்டு' பத்திரிகையில் 1963 மே மாதம் பிறந்தவள். கதை, பீட்டர் ஓ'டொன்னல். படம், ஜிம் ஹோல்டவே. 1970-ல் ஹோல்டவே இறந்த பிறகு ஸ்பெயின் நாட்டு ரொமேரோ தூரிகையை எடுத்தார். 2001 வரை தொடர் ஓடியது. கூட்டாளி வில்லி கார்வின் அவளுக்காக உயிரையும் கொடுப்பான். ஆனால் காதலன் அல்ல. உத்தரவு போடுகிறவள் அவள், நிறைவேற்றுகிறவன் இவன்.

மோதலுக்குக் கிளம்பும்போது அவள் உடையைக் கவனியுங்கள். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. கூந்தலைத் தூக்கி முடித்த கொண்டை. அந்தக் கொண்டைக்குள் 'காங்கோ' என்ற சின்ன மரக்கட்டை ஆயுதம்! நம் வீட்டுப் பெண்கள் கொண்டை ஊசி செருகும் இடத்தில் அவள் ஆயுதம் செருகுகிறாள்.

இந்தப் பாத்திரம் எங்கிருந்து வந்தது? 1942-ல் ஓ'டொன்னல் ராணுவச் சிப்பாயாகப் பாரசீகத்தின் வடபகுதியில் இருந்தார். ஒரு நாள் அகதிச் சிறுமி ஒருத்தி தன்னந்தனியாக நடந்துவந்தாள். வெறுங்கால், தலையில் மூட்டை, கழுத்தில் ஆணி கட்டிய மரத்துண்டு. அதுதான் அவளுக்குப் பாதுகாப்பு. சிப்பாய்கள் கொடுத்ததைச் சாப்பிட்டாள். பாத்திரத்தைக் கழுவி வைத்தாள். சிரித்துவிட்டு நடந்து போய்விட்டாள். இருபது ஆண்டுகள் கழித்து அந்தச் சிறுமிதான் மாடஸ்டி ஆனாள்.

இத்தனை மரியாதையாகப் பிறந்தவளையும் சில கட்டங்களில் துணி குறைத்துத்தான் வரைந்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு அனுப்பிய படங்களில் தடித்த கோடுகளைப் போட்டு உடம்பை மறைத்தார்கள். தமிழிலும் அந்த மாதிரி மை வேலை நடந்ததுண்டு. பிள்ளைகள் கைக்குப் போகும் புத்தகம் ஆயிற்றே! அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மை பூசிவிட்டால் கணக்குத் தீர்ந்ததா?

துணி வந்தது, சக்தி போனது!

அமெரிக்காவின் வொண்டர் உமன் கதையைப் பாருங்கள். 1941-ல் மார்ஸ்டன் என்ற மனோதத்துவ நிபுணர் உருவாக்கினார். முதலில் நட்சத்திரம் போட்ட பாவாடை. சீக்கிரமே அது இறுக்கமான அரைக்கால்சட்டை ஆயிற்று. பிறகு ஓவியருக்கு ஓவியர் குறைந்துகொண்டே போயிற்று. 1968-ல் திடீரென்று உடையை மாற்றினார்கள். சாதாரணப் பெண்ணைப் போல முழு உடை. நல்ல காரியம்தானே என்பீர்கள். உடையோடு சேர்த்து அவள் சக்தியையும் பிடுங்கிவிட்டார்கள்! 1972-ல் 'மிஸ்' என்ற பெண்ணுரிமைப் பத்திரிகை பழைய கோலத்திலேயே அவளை அட்டையில் போட்டது. மறு ஆண்டு சக்தியும் திரும்பியது, குட்டை உடையும் திரும்பியது.

2016 அக்டோபரில் ஐ.நா. சபை அவளைப் பெண்களுக்கான கௌரவத் தூதராக அறிவித்தது. அந்த உடையிலா என்று ஐ.நா. ஊழியர்களே எதிர்த்தார்கள். சுமார் 45,000 பேர் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் தூதர் பதவி முடிந்தது.

துணியை அளந்து பார்ப்பதைவிட வேறு ஒன்றைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த உடையில் அவள் தன் வேலையைச் செய்ய முடியுமா? ஓட முடியுமா? சுவர் ஏற முடியுமா? சூப்பர்மேன் கால்சட்டைக்கு மேலே ஜட்டி போட்டவர் என்று சிரிக்கிறோம். ஆனாலும் கழுத்திலிருந்து கால்வரை மூடிக்கொண்டுதானே பறக்கிறார்? அவருக்குக் குளிரும், அவளுக்குக் குளிராதா?

இந்தப் பக்கத்திலும் காற்று மாறியிருக்கிறது. 2025-ல் வந்த 'லோகா' மலையாளப் படத்தில் கள்ளியங்காட்டு நீலியே அதிசய சக்தி கொண்ட நாயகி. கல்யாணி பிரியதர்ஷன் நடித்தார். நீலி என்றால் வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல் என்றுதான் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். படத்தில் அவள் இந்தக் காலத்துப் பெண்ணாக நடமாடுகிறாள்.

சேலைக்கு மேல் சட்டை

வேலைக்கென்றே அமைந்த உடையைப் பார்க்க மூணாறுக்குப் போகலாம். கொழுந்து கிள்ளும் நம் பெண்கள் சேலைக்கு மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார்கள். இடுப்பில் தடித்த சாக்கு அல்லது பிளாஸ்டிக் தாள், தலையில் துணி. அட்டை, பனி, தேயிலைக் குச்சியின் கீறல் எல்லாவற்றுக்கும் அதுதான் கவசம். ரயில் பாதையில் வேலை செய்யும் பெண்களும் சுடிதாருக்கு மேல் ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டுகிறார்கள். தூரத்து டிரைவர் கண்ணில் படவேண்டுமே!

2015 செப்டம்பரில் போனஸைப் பாதியாக்கியபோது, மூணாறு தோட்டத்துப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே சாலையில் உட்கார்ந்தார்கள். 'பெண்பிள்ளை ஒருமை' என்று பெயர். அப்போது நாள் கூலி 232 ரூபாய். ஒன்பது நாள் போராட்டத்தில் 20 சதவீதம் வாங்கிவிட்டுத்தான் எழுந்தார்கள்.

சேலைக்கு மேல் சட்டை போட்ட நாயகியை நான் படித்த சித்திரக்கதை எதிலும் கண்டதில்லை. இத்தனைக்கும் மூணாறிலிருந்து போடிமெட்டு இறங்கி, தேனி வழியாகச் சிவகாசி போய்ச் சேர ஒரு பகல் போதும்.