ஆய்வேடு ஏன் பாதியில் நிற்கிறது?

பிஎச்.டி.யில் சேர்ந்து மூன்று ஆண்டாகியும் இரண்டாம் இயலைத் தாண்டாத மாணவரைப் பார்த்து, 'ஆர்வம் போய்விட்டது' என்று வீட்டிலும் துறையிலும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆய்வைக் கைவிடப் பணம், குடும்பம், நெறியாளர் என்று பல காரணங்கள் உண்டு. உதவித்தொகை நின்றுபோனவருக்குத் தேடல் பயிற்சி சோறு போடாது. ஆனால் தேடத் தெரியாமலே மனம் விட்டுப்போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்ற முடியும்.

மாணவர்கள் தகவல் தேடும்போது மனம் படும் பாட்டை அமெரிக்க நூலக அறிவியலாளர் கேரல் குல்தாவ் 1980களில் ஆராய்ந்தார். தலைப்பு முடிவானதும் நம்பிக்கை ஏறுகிறது. படிக்கத் தொடங்கியதும் சரிகிறது. ஒரு நூல் சொல்வதை இன்னொன்று மறுக்க, குழப்பமும் சந்தேகமும் சூழ்கின்றன. ஆய்வுக்கோணம் பிடிபட்ட பிறகே தெளிவு வருகிறது. இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும் கட்டம் என்று யாரும் சொல்லாததால், மாணவர் தன் மூளையைக் குறை சொல்லிக்கொள்கிறார்.

இந்தக் கட்டத்தைக் கடக்கத் தேடும் வழி தெரிய வேண்டும். எடுத்துக்காட்டாக, முத்துக்குளிப்பை ஆராய்பவர் ஆங்கிலத்தில் தூத்துக்குடி என்று மட்டும் தேடினால் காலனிக் கால ஆவணங்கள் பெரும்பாலும் சிக்காது. அவற்றில் அந்த ஊர் டூட்டிகோரின். அப்படித் தேடினால், சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் அகப்படுவார். மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றி 1922-இல் நூல் வெளியிட்டவர். அவர் யாரையெல்லாம் சுட்டுகிறார் என்று பார்த்தால் அடுத்த கதவு திறக்கும். இந்திய ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் ஷோத்கங்கா தளத்திலும் இதே வழிதான்: தலைப்புக்கு நெருங்கிய நாலைந்து ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலை மட்டும் முதலில் புரட்டுங்கள். திரும்பத் திரும்ப வரும் பெயர்களே படிக்க வேண்டியவை. மலைப்பு பாதி குறைந்துவிடும்.

இந்த வழியைக் காட்ட வேண்டியவர் நூலகர். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பதை நூலகவியலின் ஐந்து விதிகளில் ஒன்றாக எஸ்.ஆர்.ரங்கநாதன் வைத்தது 1931-இல். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் அவர். இன்றோ நம் ஆய்வு மாணவர்களில் பலர் நூலகரிடம் போவது நிலுவையில்லாச் சான்றிதழுக்குத்தான்.

ஆய்வு நெறிமுறை பற்றிய இரண்டு கிரெடிட் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் கட்டாயமாக்கியது. தரவுத்தளங்களும் அதில் உண்டு. அதைப் பொதுவான வகுப்பாக நடத்தாமல், தலைப்பு உறுதியாகும் முன்பே ஒவ்வொருவரையும் நூலகரோடு உட்காரவைத்து, அவரவர் எண்ணியிருக்கும் தலைப்பிலேயே தேடச் செய்ய வேண்டும். எந்தச் சொல்லைப் போட்டார், என்ன கிடைத்தது, எதை ஏன் ஒதுக்கினார் என்ற குறிப்பேட்டுக்கே மதிப்பெண் தரலாம்.