வளைவே இல்லாத எழுத்து!

ஒரு 'ஓ' போடச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவீர்கள். அதையே ஒரு வளைவுகூட இல்லாமல், நேர்க்கோடு மட்டும் வைத்துப் போடுங்கள் என்றால்? "வேற வேலை இல்லையா உமக்கு?" என்பீர்கள்.

1967-ல் ஹாலந்தில் ஒருத்தர் இதைத்தான் வேலையாகவே செய்தார். பெயர் விம் க்ரௌவெல். 1928-ல் பிறந்தவர். 1963-ல் நண்பர்களோடு சேர்ந்து ஆம்ஸ்டர்டாமில் 'டோட்டல் டிசைன்' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். போஸ்டரோ, புத்தகமோ, எதற்கும் முதலில் கட்டம் போட்டுவிட்டுத்தான் யோசிப்பார். நம்மூரில் கட்டம் போடுகிறவர் ஜோசியர். அங்கே அவருக்கு 'மிஸ்டர் கிரிட்னிக்' என்று செல்லப் பெயர்.

சமாச்சாரம் இதுதான். அந்த 1960-களில் அச்சுத் தொழிலுக்குள் கம்ப்யூட்டர் மெதுவாக மூக்கை நுழைத்தது. ஈய எழுத்தைக் கோர்ப்பதற்குப் பதிலாக, டி.வி. பெட்டிக்குள் இருக்குமே, அந்த மாதிரி பிக்சர் ட்யூபில் எழுத்தை வெளிச்சமாகக் காட்டி ஃபிலிமில் பதிவு செய்கிற மெஷின்கள் வந்தன. அந்த மெஷினுக்கு வளைவு வராது. 'காரமாண்ட்' என்று 16-ம் நூற்றாண்டு பிரெஞ்சுக்கார எழுத்து ஒன்று இருக்கிறது. மகா நளினம். அதை மெஷினில் போட்டால் வளைவெல்லாம் மாடிப்படி ஆகிவிட்டது. பெரிய சைஸில் ஒரு முகம், சின்ன சைஸில் வேறொரு முகம்.

நாமாக இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்போம். க்ரௌவெல் தலைகீழாக யோசித்தார். மெஷினுக்கு வளைவு வராதா? சரி, எழுத்திலிருந்து வளைவை எடுத்துவிட்டால் போச்சு!

படுக்கைக் கோடு, நிற்கிற கோடு, மூலையில் 45 டிகிரியில் ஒரு வெட்டு. அவ்வளவுதான் மூலப்பொருள். பெரிய எழுத்தே கிடையாது, எல்லாம் சின்ன எழுத்து. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். இங்கேதான் 'எம்' மாட்டிக்கொண்டது. அதற்கு மூன்று கால். ரெண்டு பேர் உட்காருகிற பஸ் சீட்டில் மூணாவது ஆளை எங்கே உட்கார வைப்பது? 'என்' எழுதி அடியில் ஒரு கோடு போடு, அதுதான் 'எம்' என்று சொல்லிவிட்டார். மூணாவது ஆள் சீட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டார்!

'நியூ ஆல்ஃபபெட்' என்ற பெயரில் இது சின்னப் புத்தகமாக வந்தது. பார்த்தவர்கள் தலையைச் சொறிந்தார்கள். பாதி எழுத்து புரியவில்லை. க்ரௌவெலும் இது ஒரு யோசனைதான், உபயோகத்துக்கு அல்ல என்றே சொல்லி வந்தார்.

நான் பி.காம். எதையும் வரவு செலவு எழுதிப் பார்க்கிற வியாதி உண்டு. இந்த எழுத்தில் மெஷினுக்கு லாபம். நஷ்டம் யார் கணக்கில்? படிக்கிறவன் கணக்கில். நமக்கு இது புதுசில்லை. என் நண்பர் ஒருவருக்குக் கொஞ்சம் நீளமான பெயர். ஒரு வங்கியில் ஃபாரம் நிரப்பப் போனார். கட்டத்துக்கு ஒரு எழுத்து. கட்டம் தீர்ந்துவிட்டது, பெயர் தீரவில்லை. கார்டு வந்தபோது கடைசி மூன்று எழுத்தைக் காணோம். கவுன்ட்டரில் கேட்டதற்கு, "கம்ப்யூட்டர் அவ்வளவுதான் சார் எடுக்கும்" என்று பதில். அப்பா வைத்த பெயரை விடக் கம்ப்யூட்டர் வைத்த கட்டம் பெரிசாகிவிட்டது.

க்ரௌவெலுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது என்பதுதான் விசேஷம். 1977-ல் ஹாலந்தின் டெலிபோன் டைரக்டரியை அவரது கம்பெனி வடிவமைத்தது. அதிலும் எல்லாம் சின்ன எழுத்துதான். ஆனால் அச்சானது, வளைவு நெளிவோடு ஒழுங்காகப் படிக்க முடிகிற 'யூனிவர்ஸ்' எழுத்தில். ராத்திரி டாக்டர் நம்பர் தேடுகிறவனிடம் பரிசோதனை கூடாதல்லவா?

அப்புறம் நடந்தது தமாஷ். மெஷின் வளைவு கற்றுக்கொண்டது. 1984-ல் வந்த 'போஸ்ட்ஸ்கிரிப்ட்', எழுத்தைப் புள்ளிகளாக வைத்துக்கொள்ளாமல் வளைகோட்டுக் கணக்காக வைத்துக்கொண்டது. எந்த சைஸில் கேட்டாலும் கணக்குப் போட்டு வரைந்து கொடுத்துவிடும். ஆக, வளைவில்லாத எழுத்து பிறந்த காரணமே காலி.

எழுத்தும் காலியாகியிருக்க வேண்டுமே? இல்லை! 1988-ல் இங்கிலாந்தின் ஜாய் டிவிஷன் ராக் குழுவுக்கு 'சப்ஸ்டன்ஸ்' என்று ஒரு ஆல்பம் வந்தது. அட்டையை வடிவமைத்த பீட்டர் சாவிலும் பிரெட் விக்கன்ஸும் இந்த எழுத்தை எடுத்துப் போட்டார்கள். க்ரௌவெல் விதிப்படி படித்தால் அது 'சப்ஸ்டன்ஸ்' இல்லை. நடுவில் ஒரு 'ஒன்று'ம், ஒரு 'எம்'மும் புகுந்துகொண்டு வேறென்னவோ வருகிறது. யார் கவலைப்பட்டார்கள்? பார்க்க ஜோராக இருந்தது, போதும். 2011-ல் நியூயார்க் மியூசியம் ஆஃப் மாடர்ன் ஆர்ட் இதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. க்ரௌவெல் 2019-ல் காலமானார்.

கல்யாணப் பத்திரிகையோ கடை போர்டோ அடிக்கப் போகிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மூலையும் முனையுமான எழுத்து தலைப்பில் நின்றால் கம்பீரம். அதிலேயே முழு விஷயத்தையும் அடித்தால் முகூர்த்த நேரம் தெரியாமல் ஜனங்கள் பந்திக்குத்தான் வந்து சேருவார்கள். ஜரிகை ஓரத்தில் இருக்க வேண்டும், வேட்டி முழுக்க இருந்தால் குத்தும்.

இன்னொரு பாடம், ஃபாரம் நிரப்புகிற நம் எல்லாருக்கும். இன்றைக்கு மெஷினால் முடியாதது நாளைக்கு முடியும். அது கற்றுக்கொள்ளும் சார். அதற்குள் அவசரப்பட்டு உங்கள் பெயரில் மூன்று எழுத்தை விட்டுக் கொடுத்துவிடாதீர்கள்!