மகளுக்கு எந்தப் பாடம்? மகனுக்கு எந்தத் தொழில்?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் நம் வீடுகளில் நடக்கும் பேச்சைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

"பொம்புளப் புள்ள தானே, கலைப் பிரிவு எடுக்கட்டும். டீச்சர் வேலை எண்டா பாதுகாப்பு, பகலைக்கு வீட்டுக்கு வந்திரலாம்" என்பார் வாப்பா. உம்மாவும் தலையாட்டுவார். விஞ்ஞானத்துக்கு மகள் பெற்ற 'ஏ' சித்தியை எவரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. மகனைப் பற்றிய பேச்சோ இன்னும் சுருக்கம். "ஆம்புளப் புள்ள, உழைக்க வேணும். கடைக்கு வரட்டும்."

பதினாறு வயதுப் பிள்ளையின் எதிர்காலம் ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடிவதற்குள் தீர்மானமாகிவிடுகிறது. உயர்தரத்தில் உயிரியல் படிக்காத பிள்ளைக்கு மருத்துவ பீடம் இல்லை. இணைந்த கணிதம் படிக்காத பிள்ளைக்குப் பொறியியல் பீடம் இல்லை. பின்னர் வருந்தினாலும் அந்தக் கதவு இலகுவில் திறக்காது.

இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு தகப்பன் என்னிடம் மஷூரா கேட்டு வந்தார். மகள் வைத்தியத் துறைக்குப் படிக்க விரும்புகிறாள், கெட்டிக்காரி, என்ன செய்வது என்றார். "பெண்ணுக்கு ஆசிரியத் தொழில்தான் தோது" என்றேன். அதை மார்க்கத்தின் தீர்ப்பாகவே அவர் எடுத்துக்கொண்டு போனார். நான் சொன்னது மார்க்கமல்ல, என் ஊர் வழக்கம். அந்தப் பிள்ளையிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. இன்று அவர் நல்லதோர் ஆசிரியை, அதில் குறையில்லை. ஆனால் என் மனைவிக்குச் சத்திரசிகிச்சை வேண்டி வந்த நாளில், "பெண் டாக்டர் இருக்கிறாரா?" என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று நானே கேட்டேன். கேட்ட கணமே அந்தத் தகப்பனின் முகம் நினைவுக்கு வந்தது.

நம் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கப் பெண் வைத்தியர் வேண்டும் என்கிறோம். அந்த வைத்தியர் யாரோ ஒருவருடைய மகளாக இருக்கட்டும், நம் மகள் வேண்டாம் என்கிறோம். இது என்ன நியாயம்?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் மருத்துவத்தையும் கணக்கையும் பர்ளு கிபாயா என்று கூறுகிறார்கள். விவசாயம், நெசவு, தையல்கூட அந்த வரிசையில் வருகின்றன. எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் வைத்தியர் ஒருவரும் இல்லாதிருக்க, எல்லோரும் பிக்ஹு படிக்கவே முண்டியடிக்கிறார்களே என்றும் அவர்கள் குறைபடுகிறார்கள். ஹிஜ்ரி 505இல் வபாத்தானவரின் கவலை இது! அரபுக் கல்லூரியில் ஓதிய நான் இதை வாசித்துவிட்டுத்தான் அந்தத் தகப்பனுக்கு அப்படிப் பதில் சொன்னேன் என்பதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அகழ் யுத்தத்தில் காயமுற்ற ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ருபைதா (ரழி) என்ற பெண்மணியின் கூடாரத்தில்தான் சிகிச்சைக்காகச் சேர்த்தார்கள். ஹப்ஸா (ரழி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஷிஃபா (ரழி). ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள் தம் கையால் தோல் பதனிட்டு, அந்த உழைப்பை ஸதகா செய்தார்கள்.

தூரத்துப் பல்கலைக்கழகம், விடுதி, பயணம் என்று தாய்மார் பயப்படுவதை நான் அலட்சியம் செய்யவில்லை. எங்கே தங்குவாள், யாருடன் போய் வருவாள் என்று கட்டாயம் பேசுங்கள். ஆனால் அது ஒழுங்குபடுத்த வேண்டிய விடயம். பாடத்தையே மறுக்கக் காரணமல்ல. "கூடப் படித்தால் மாப்பிள்ளை கிடைக்காது" என்ற பேச்சுக்கு மட்டும் என்னிடம் பொறுமையில்லை.

ஆண்பிள்ளைகளின் கதையை யாரும் பேசுவதில்லை. சமையல் பெண்ணின் வேலையாம். ஆனால் கல்யாண வீட்டில் நூறு சஹனுக்குச் சமைப்பவர் ஆண். தையலும் அப்படித்தான், கடைத்தெருவில் மெஷின் மிதிப்பவர்களில் எத்தனையோ பேர் ஆண்கள். கூலி கிடைத்தால் ஆணுக்கு, கிடைக்காவிட்டால் பெண்ணுக்கு என்று பங்கு பிரித்தது யார்? நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்தார்கள், செருப்பைத் தாமே செப்பனிட்டார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அதை மகனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?

சென்ற வாரம் ஒரு தாய் என்னிடம் வந்தார். உயர்தரத்தில் உயிரியல் படித்த மகன் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறானாம். "அது பொம்புள வேல, ஊரு சிரிக்கும்" என்று தகப்பன் மறுக்கிறாராம். போன வருடம் அதே தகப்பன் ஆண்கள் வார்டில் கிடந்தபோது, இரவில் எழுப்பி மருந்து கொடுத்து, தாங்கிப் பிடித்து நடக்க வைத்தவர் ஓர் ஆண் தாதிதான். இதைச் சொல்லும்போது அந்தத் தாய் சிரித்தார், பின் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மௌலவி, நீங்க ஒரு முடிவு சொல்லுங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் தகப்பனையும் மகனையும் ஒன்றாக அனுப்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இம்முறை பிள்ளையிடம்தான் முதலில் கேட்கப் போகிறேன்.