கிழ வண்டிக்குச் சதாபிஷேகம்!

பாட்டி விட்டுப் போன கல் அட்டிகையை அப்படியே வைத்துக் கொள்வதா, அழித்துப் புது மாதிரியில் நெக்லஸ் பண்ணிக் கொள்வதா என்ற வாக்குவாதம் நடக்காத வீடு நம்மிடையே அபூர்வம். "அழித்தால் பாட்டியின் ஞாபகமே போய்விடும்" என்பது ஒரு கட்சி. "பெட்டிக்குள் தூங்குகிற நகையால் யாருக்கு என்ன பிரயோஜனம்? போட்டுக் கொண்டால்தானே நகை!" என்பது எதிர்க்கட்சி. இரண்டு பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

இதே வழக்கு அமெரிக்காவில் வேறொரு பொருளைப் பற்றி ஓயாமல் நடந்து வருகிறது. அந்தப் பொருள் தங்கமும் அல்ல, வைரமும் அல்ல. வைக்கோல் சுமந்து, மழையில் நனைந்து, கொட்டகையில் கோழிகள் ஏறி உட்கார இடம் கொடுத்துத் துருவேறிப் போன பழைய 'பிக்கப்' வண்டி!

பிக்கப் என்பது முன்னால் இரண்டு மூன்று பேர் நெருக்கி உட்கார ஓர் அறையும், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டியும் கொண்ட சின்ன லாரி. அதைத் தேடிப் பிடித்து, பிரித்து, துரு நீக்கி, வர்ணம் பூசி, மறுபடி ஓட வைப்பதில் அந்த நாட்டில் பலர் தங்கள் ஞாயிற்றுக் கிழமைகளையும் சேமிப்பையும் செலவழிக்கிறார்கள். வக்கீலும் உண்டு, வாத்தியாரும் உண்டு, பென்ஷன் வாங்கிய தாத்தாவும் உண்டு. சம்பாத்தியத்துக்காக அல்ல. போட்ட பணம் விற்றால் திரும்புவதே பெரும்பாலும் துர்லபம். பின் எதற்கு என்கிறீர்களா?

உழவனின் வண்டி

1925-ஆம் வருஷம் ஏப்ரலில் போர்டு கம்பெனியார் தங்கள் புகழ்பெற்ற 'மாடல் டி' காரின் பின்புறத்தில் இரும்புத் தொட்டி பொருத்தி, தொழிற்சாலையிலேயே தயாரான பிக்கப்பாக விற்பனைக்கு விட்டார்கள். விலை 281 டாலர். இன்ஜினுக்கு 20 குதிரை சக்தி. அதற்கு முன்பெல்லாம் குடியானவர்கள் காரை வாங்கி, பின்பகுதியைக் கழற்றிவிட்டு, தச்சனைக் கொண்டு மரப் பெட்டி அடித்துக் கொள்வார்கள். ஆகவே வண்டியை இஷ்டப்படி மாற்றிக் கட்டும் பைத்தியம் பிக்கப் பிறப்பதற்கு முன்பே பிறந்து விட்டது என்று சொல்லலாம்.

இரண்டாவது மகாயுத்தம் வந்தது. 1942 பிப்ரவரியில் பொதுஜனங்களுக்குக் கார் செய்வதே அங்கே நிறுத்தப்பட்டது. தொழிற்சாலைகள் எல்லாம் யுத்த தளவாடம் செய்யத் திரும்பின. யுத்தம் முடிந்தபோது புது வண்டிக்கு ஜனங்கள் ஏங்கிக் கிடந்தார்கள். 1947 கோடையில் செவர்லே கம்பெனியின் 'அட்வான்ஸ் டிசைன்' வண்டிகள் வெளிவந்தன. 1948 தொடக்கத்தில் போர்டின் 'எஃப்-1' வந்தது. கொழுகொழுவென்று குழந்தையின் கன்னம் போன்ற மட்கார்டுகள், சிரிக்கிற வாய் போன்ற முன் கம்பிச் சட்டம் என்று அந்த முகத்தை ஒரு முறை பார்த்தால் மறப்பதற்கில்லை. இன்றும் அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் வந்தால் வாழ்த்து அட்டையிலும், தலையணை உறையிலும், காபிக் கோப்பையிலும், முதுகில் பச்சை மரத்தைச் சுமந்து கொண்டு ஒரு சிவப்புப் பிக்கப் வந்து நிற்கும். அது இந்தக் காலத்து வண்டியின் முகம்தான்.

அந்த வண்டிகளுக்கு இப்போது எண்பது வயது நெருங்குகிறது. அதில் பால் கேனோடு பட்டணம் போன பிள்ளைகளே இன்று கொள்ளுப் பேரன் எடுத்தவர்கள். தகப்பனார் கை வைத்த ஸ்டீரிங், தாயார் மடியில் உட்கார்ந்து பார்த்த கண்ணாடி! துருவுக்கு அடியில் அவர்கள் தேடுவது இதைத்தான்.

பிரித்தால் தெரியும் சங்கதி

வேலை சுலபமானதல்ல. முதலில் வண்டியை எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக் கொள்ள வேண்டும். கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வைக்க வேண்டும். "ஞாபகம் இருக்கும்" என்று ஒரே டப்பாவில் கொட்டி வைத்தவர், ஆறு மாதம் கழித்து அந்த டப்பாவின் முன் தலையில் கை வைத்துக் கொண்டு உட்கார வேண்டியதுதான்.

துருப்பிடித்த போல்ட்டுகள் லேசில் அசையாது. எண்ணெய் விட்டு ஊற வைத்து, சூடு காட்டி, தட்டிக் கொடுத்து, பொறுமையாகத் திருக வேண்டும். பலவந்தம் செய்தால் தலை உடைந்து கையோடு வரும். இறுகிப் போன இன்ஜினுக்கும் இதே வைத்தியம்தான். சிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றிப் பல நாள் காத்திருந்து, கையாலேயே மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஸீட்டைத் தூக்கினால் எலிக் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்திய அடையாளம் இருக்கும்.

துரு எங்கே ஒளிந்திருக்கும் என்பது அனுபவஸ்தர்களுக்குத் தெரியும். கதவுகளின் கீழ் ஓரம், கால் வைக்கும் தரைத் தகடு, அறையின் பின்புற மூலைகள் என்று தண்ணீர் தேங்குகிற இடமெல்லாம் அதன் வாசஸ்தலம். அரித்த பாகத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதே முறை. துருவின் மேலேயே பட்டி தடவி வர்ணம் பூசுகிறவர்களும் உண்டு. சொத்தைப் பல்லுக்குச் சுண்ணாம்பு அடித்த கதைதான். அடுத்த வருஷமே கொப்புளம் கிளம்பிவிடும்.

ஒரு வசதி உண்டு. பிரபலமான பழைய வண்டிகளுக்கு மட்கார்டு, கதவு, தொட்டி, ரப்பர்ப் பட்டை வரை புதிதாகச் செய்து விற்கும் கம்பெனிகள் அங்கே இருக்கின்றன. விலைப் பட்டியலைப் பார்த்துத் தபாலில் தருவித்துக் கொள்ளலாம். நம் வீட்டுப் பெண்கள் புடவைக் கடைப் பட்டியலைப் புரட்டுவதைக் கேலி செய்யும் ஆண்பிள்ளைகள் ஒரு தடவை இந்தப் பட்டியல்களைப் பார்க்க வேண்டும்!

இரண்டு கட்சி

வண்டியைப் பிரித்தாகி விட்டது. இனி எப்படிச் சேர்ப்பது? இங்கேதான் அட்டிகை வழக்கு ஆரம்பமாகிறது.

முதல் கட்சியார் வைதிகர்கள். தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பார்கள். வர்ணத்தின் சாயல் முதல் திருகாணியின் தலை வரை அசல். பாட்டரியும் அந்தக் காலத்து 6 வோல்ட்தான். முன் விளக்கு அகல் விளக்குப் போல் மினுக்கினாலும் பரவாயில்லை. மழைத் தண்ணீர் துடைக்கும் 'வைப்பர்' இன்ஜினின் உறிஞ்சு சக்தியால் ஓடுவது. மேட்டில் ஏறும்போது இன்ஜின் திணறினால் வைப்பரும் கூடவே திணறி, பாதிக் கண்ணாடியில் நின்றுவிடும். அதுவும் ஓர் அழகு என்பார்கள் இவர்கள்.

இரண்டாவது கட்சியார் சீர்திருத்தவாதிகள். வெளித் தோற்றம் பழசு, உள்ளே சகலமும் புதுசு. எட்டு சிலிண்டர் இன்ஜின், தானே மாறும் கியர், சுலபமாகத் திரும்பும் ஸ்டீரிங், குளிர்சாதனம். "வண்டி ஓடுவதற்கு, பொம்மைக் கொலுவில் வைப்பதற்கல்ல" என்பது இவர்கள் வாதம். இந்த வாதம் இப்போது மின்சாரம் வரை போயிருக்கிறது. 2019-இல் செவர்லே கம்பெனியாரே 1962-ஆம் வருஷத்துப் பிக்கப் ஒன்றில் இரண்டு மின்சார மோட்டார்களை வைத்துக் காட்டினார்கள். 2021-இல் போர்டு கம்பெனியார் 1978-ஆம் வருஷத்து எஃப்-100 வண்டிக்கு அதே சிகிச்சை செய்தார்கள். சத்தமே போடாத கிழ வண்டி! வைதிகர்கள் காதைப் பொத்திக் கொண்டிருப்பார்கள். ஆனால் கேட்பதற்குத்தான் ஒன்றும் இல்லையே!

மூன்றாவதாக ஒரு சிறு கட்சியும் உண்டு. இவர்கள் இன்ஜினையும் பிரேக்கையும் சரி செய்வார்கள். வெளி உடம்பைத் தொட மாட்டார்கள். வெயிலில் வெளுத்த வர்ணம், கதவில் பாதி அழிந்த பண்ணைப் பெயர், மூட்டை இடித்த பள்ளம் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். "பாட்டியின் முகச் சுருக்கத்துக்கு இஸ்திரி போடுவார்களா?" என்பது போன்ற வாதம். இந்த மோகம் முற்றி, நல்ல வர்ணத்தை உப்புத்தாளால் தேய்த்து வேண்டுமென்றே கிழடு தட்ட வைக்கிறவர்களும் கிளம்பியிருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

வண்டியை மாற்றுவது சட்டத்தோடு மோதிய கதையும் உண்டு. கலிபோர்னியாவில் மெக்ஸிகோ வம்சாவளி இளைஞர்கள் பழைய செவர்லே வண்டிகளைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, பளபளக்கும் வர்ணத்துடன் ஊர்வலம் விட்டார்கள். சக்கர வளையத்துக்குக் கீழே உடம்பு தொங்கக்கூடாது என்று 1958-இல் சட்டம் வந்தது. மறு வருஷமே ரான் அகிரே என்பவர் தம் காரில் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தி, வேண்டும்போது தாழ்த்தவும் போலீஸ்காரரைக் கண்டால் உயர்த்தவும் வழி செய்து கொண்டார்! பிக்கப்புகளுக்கும் இந்த வித்தை பரவியது. 2023-இல் நிறைவேறி, 2024 ஜனவரியில் அமலுக்கு வந்த புதுச் சட்டம் ஒன்று அந்தத் தடையை நீக்கிவிட்டது.

வளைக் கரங்களில் ஸ்பானர்

இதெல்லாம் ஆண்பிள்ளைகள் விளையாட்டு என்று எண்ணி விடாதீர்கள். அரிசோனாவில் பீனிக்ஸ் நகரில் மோட்டார்ப் பட்டறை நடத்தி, பெண்களுக்கு வண்டி பராமரிப்பு வகுப்பும் எடுத்தவர் போகி லடைனர் என்ற பெண்மணி. அவர் 1957-ஆம் வருஷத்துச் செவர்லே பிக்கப் ஒன்றை எடுத்துக் கொண்டு, சேர்ந்து வேலை செய்யப் பெண்களை அழைத்தார். பல ஊர்களிலிருந்து தொண்ணூறு பேருக்கு மேல் வந்தார்கள். வெல்டிங், வர்ணம், மின்சாரக் கம்பி எல்லாம் பெண்கள் கைவேலை. 2017-இல் லாஸ் வேகாஸில் நடந்த பெரிய மோட்டார்ப் பொருட்காட்சியில் அந்த வண்டி ஜம்மென்று நின்றது.

உயிர் விஷயம்

வேடிக்கை போதும். இந்தப் பொழுதுபோக்கில் உயிரைத் தொடுகிற விஷயம் ஒன்றும் இருக்கிறது.

1956-இல்தான் அமெரிக்காவின் பிரம்மாண்டமான நெடுஞ்சாலைகளுக்குச் சட்டம் கையெழுத்தாயிற்று. 1947-ஆம் வருஷத்து வண்டி அதற்கு முந்தியது. 90 குதிரை சக்தி கொண்ட அதன் இன்ஜினும் பல்சக்கர அமைப்பும் மணிக்கு 45, 50 மைலில் நிம்மதியாக இருக்கும். இன்றைய சாலையிலோ 70 மைலில் பறக்கிறார்கள். அதைவிட முக்கியம் பிரேக். அந்தக் காலத்து வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் போவது ஒரே வழியில். ஒரு குழாய் கசிந்தால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தனித் தனி வழி வைக்கும் முறை 1960-களின் பிற்பகுதியில்தான் அமெரிக்க வண்டிகளில் பொதுவாயிற்று. இடுப்புப் பட்டை கிடையாது. 1949 முதல் செவர்லே பிக்கப்பில் பெட்ரோல் டாங்கி, உட்காருகிற ஸீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது!

மனைவி மக்களை ஏற்றிக் கொண்டு ஞாயிற்றுக் கிழமை உலாப் போகிற வண்டி இது. ஆகையால் விவேகமுள்ள வைதிகர்கள் கூட இந்த இடத்தில் விட்டுக் கொடுக்கிறார்கள். பிரேக்கை இரட்டை வழியாக்கி, பட்டை பொருத்தி, டாங்கியைத் தொட்டிக்கு அடியில் மாற்றிவிட்டு, மற்றதையெல்லாம் அசலாகவே வைத்துக் கொள்கிறார்கள்.

பட்டறையிலும் ஜாக்கிரதை தேவை. பழைய வர்ணத்தில் ஈயமும், பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது. ஈரத்தால் அடக்க வேண்டும். முகமூடி இல்லாமல் தேய்க்கக்கூடாது. அந்த உடையோடு வந்து குழந்தையை வாரி எடுக்கக் கூடாது. வெறும் ஜாக்கியை நம்பி வண்டியின் அடியில் படுப்பதும் ஆகாது. முட்டுக் கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும்.

தீர்ப்பு என்ன?

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவே, கை தேர்ந்தவர்கள் ஒரு விதியைப் பின்பற்றுகிறார்கள். 'வெட்டாதே, திருகிக் கொள்.' புதுப் பிரேக்கோ, புது இன்ஜினோ, பழைய சட்டத்தில் இருக்கும் துளைகளிலேயே போல்ட் போட்டுப் பொருந்தும்படி பார்த்துக் கொள்கிறார்கள். கழற்றிய அசல் பாகங்களைத் துடைத்து, எண்ணெய் தடவி, பெட்டியில் கட்டி, பெயர் எழுதி, ஷெட்டின் பரண்மேல் வைக்கிறார்கள். நாளை பேரனோ பேத்தியோ வந்து, "தாத்தா காலத்து வண்டி எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும்" என்றால், பரணிலிருந்து பெட்டியை இறக்கினால் போதும்.

உருக்கிய தங்கத்துக்கு இந்தப் பாக்கியம் இல்லை. ஒரு தடவை மூசையில் இறங்கிவிட்டால் பாட்டியின் அட்டிகை மறுபடி வராது. வண்டிக்கு அந்த வழி உண்டு, வெட்டாமல் விட்டால்! நம் வசதிக்கும் பத்திரத்துக்கும் வேண்டியதை மாற்றிக் கொள்ளும்போதே, நமக்குப் பின்னால் வருகிறவர்கள் வேறு விதமாக நினைப்பதற்கும் இடம் விட்டு வைப்பது நல்ல குடும்பத்தாரின் லட்சணம். கையெல்லாம் கிரீஸோடு அந்த அமெரிக்கக் கிழவர்கள் கற்றுக் கொண்ட பாடம் இதுதான்.