கடைமடைக்கு வந்த தொலைக்காட்சி

ஆற்றுப் பாசனத்தை நம்பி வாழும் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குக் கடைமடை என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் அணை திறந்த செய்தி பத்திரிகையில் வந்து, கல்லணையில் பூவும் நெல்லும் தூவி, தலைமடைக்காரர் நாற்று விட்டு, இடைமடைக்காரர் உழவை முடித்த பிறகும், வாய்க்காலின் அடியில் சருகுகளைத் தள்ளிக்கொண்டு ஊர்ந்து வரப்போகும் நீருக்காக வரப்பில் உட்கார்ந்திருப்பவரே அதன் பொருளை முழுவதும் அறிந்தவர். நன்னிலத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தொலைக்காட்சி என்னும் நவீன சாதனமும் நெடுங்காலம் அப்படித் தலைமடையிலேயே தேங்கி நின்ற ஒரு நீராகவே தோன்றியது. அது எங்கள் ஊர் வரைக்கும் தடையின்றிப் பாய்ந்த ஆண்டு 1993. இந்தியத் தொலைக்காட்சியின் சரித்திரத்தில் அவ்வளவு சம்பவங்கள் நெருக்கமாக அமைந்த ஆண்டு வேறொன்று உண்டா என்பது எனக்குச் சந்தேகமே.

சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. கோபுரத்திலிருந்து புறப்படும் தொலைக்காட்சி அலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வது, பூமியோ வளைந்தது, ஆகவே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் அது நம் தலைக்கு மேலே ஆகாயத்தை நோக்கிப் போய்விடுகிறது. எங்கள் ஊரோ அதற்கும் வெகு தொலைவில் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் ‘ஒளியும் ஒலியும்’ பார்ப்பதற்காகச் சென்னைத் தெருக்கள் வெறிச்சோடிப் போகும் என்று உறவினர்கள் வந்து சொல்ல, நாங்கள் அதைக் கதை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தோம். உழவர்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சி, வயலைத் தவிர வேறு எதுவும் அறியாத எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை என்பதை எண்ணினால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

வந்தது வேறொன்று. இலங்கையில் 1982 பிப்ரவரியில் ரூபவாகினி தொடங்கியதும், அதன் அலை பாக்கு நீரிணையைத் தாண்டிச் சோழநாட்டுக் கரையோரமெங்கும் பரவியது. டெல்லியும் சென்னையும் எட்டாத வீடுகளில் கொழும்பு எட்டியது. வசதியுள்ள ஓரிரு வீட்டுக்காரர்கள் மாடியில் நெடிய இரும்புக் குழாயை நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, இடையில் பூஸ்டர் என்ற சிறு பெட்டியையும் இணைத்துத் தெற்கு நோக்கித் திருப்பி வைத்தார்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு குழாய் நின்றது. காற்று அடித்துத் திசை மாறிவிட்டால் என் மாமா மாடியேறி அதைப் பிடித்துத் திருக, கூடத்தில் பெட்டியின் முன்னால் ஒருவர், முற்றத்தில் ஒருவர், மாடிப்படியில் ஒருவர் என்று நின்று சேதி கடத்துவோம்.

“இன்னும் கொஞ்சம் கிழக்கால திருப்புங்க மாமா!”

“இப்ப எப்படிடா இருக்கு?”

“ஆளு தெரியுது, மூஞ்சி தெரியல... ஐயையோ, போயிட்டுது! பழையபடியே வச்சுடுங்க!”

சிங்களச் செய்தியை ஒரு சொல்லும் புரியாமல் கடைசி வரை பார்த்திருக்கிறோம். பின்னர்க் கொடைக்கானல் மலையில் வலிய ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தபோது குழாயை மேற்கே திருப்பினோம். அதில் வந்த இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் அதே சிரத்தையோடு இந்தியில் பார்த்தோம். தமிழன் ஒருவன் தன் வீட்டுத் தொலைக்காட்சியில் தன் பாஷையை நாள்தோறும் போதுமான அளவு கேட்பதென்பது 1993க்கு முன்னர் எங்கள் பக்கத்தில் அனுபவத்தில் இல்லாத விஷயம்.

ஆகாயத்தின் சமாசாரம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மாறத் தொடங்கியிருந்தது. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தப்படும் செயற்கைக்கோள், பூமி சுழலும் வேகத்துக்கு இணையாகவே தானும் சுற்றுவதால், நம் பார்வைக்கு ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதுபோல் இருக்கும். அதிலிருந்து இறங்கும் அலைக்குத் தலைமடையும் இல்லை, கடைமடையும் இல்லை. ஆசியாவுக்கு அவ்வாறு படம் பொழிந்த ஆசியாசாட்-1 என்ற கோளின் பூர்வகதை சுவையானது. வெஸ்டார்-6 என்ற பெயரில் 1984இல் அமெரிக்கர் ஏவி, உரிய இடத்தைச் சேராமல் தவறிப்போனதை, அதே ஆண்டில் விண்ணோடத்தில் சென்ற வீரர்கள் பிடித்துக் கொண்டுவர, அது செப்பனிடப்பட்டு விலைக்கு விற்கப்பட்டு, 1990 ஏப்ரலில் சீன ராக்கெட்டில் மறுபடி மேலே போயிற்று. சந்தையில் கைமாறிய பழைய மோட்டாரைப் பழுதுபார்த்து நம் ஊரில் இறைக்கவில்லையா, அதைப் போல! இந்தக் கோளை நம்பித்தான் ஹாங்காங்கில் ஸ்டார் டி.வி. 1991இல் பிறந்தது, 1992 அக்டோபர் 2ஆம் நாள் இந்தியில் ஜீ டி.வி. வந்தது.

இவ்வளவும் முன்னுரை. 1993 ஜனவரி 26 அன்று தூர்தர்ஷன் தன் பதிலைத் தொடங்கியது: டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களின் இரண்டாம் அலைவரிசைகளை ஒன்றாகக் கோத்து, கேளிக்கையே பிரதானமான மெட்ரோ அலைவரிசையாக்கினார்கள். பெயரிலேயே விஷயம் வெளிப்படை. அது மாநகரங்களின் கோபுரங்களைச் சுற்றியிருந்தவர்களுக்கான விருந்து. நன்னிலத்துக்கு அதன் வாசனையும் வரவில்லை.

எங்களுக்குரியது ஏப்ரல் 14 அன்று, சித்திரை முதல் நாளில் வந்தது. சன் டி.வி.யைத் தொடங்கியவர் முரசொலி மாறனின் புதல்வரான கலாநிதி மாறன். ‘பூமாலை’ என்ற பெயரில் வீடியோ நாடாவிலேயே மாதந்தோறும் ஒரு பத்திரிகை நடத்திப் பார்த்தவர். மாறன் குடும்பத்தின் பூர்வீகம் எங்கள் டெல்டாவிலுள்ள திருக்குவளை. ஆரம்ப நாள்களில் நாள் முழுவதுக்குமான அலைவரிசை அவர்களுக்குக் கிடைக்கவில்லை; ஏ.டி.என். என்ற வடநாட்டு நிறுவனம் செயற்கைக்கோளில் எடுத்து வைத்திருந்த நேரத்தில் சில மணிகளை வாங்கித்தான் ஒளிபரப்பினார்கள். மடத்து நிலத்தை ஒருவர் குத்தகைக்கு எடுத்து, அதில் பாதி மாவை இன்னொருவரிடம் உள்குத்தகைக்கு விடுவது எங்கள் பக்கத்து வழக்கமாகையால், இந்த ஏற்பாட்டை ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சட்டத்தின் நிலைமைதான் விசித்திரமானது. தந்திக் கம்பிகளுக்காக வெள்ளைக்காரன் 1885இல் இயற்றிய சட்டமே அப்போதும் ஆகாயத்தை ஆண்டுகொண்டிருந்தது. அதன்படி இந்திய மண்ணிலிருந்து விண்ணுக்குப் படம் அனுப்பும் உரிமை அரசாங்கத்தைத் தவிர வேறு யாருக்கும் இல்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து மேலே போய் இங்கே இறங்கும் படத்தைத் தடுக்கவோ அதில் இடமில்லை. ஆகவே தனியார் தம் நிகழ்ச்சிகளை நாடாவில் பதிவுசெய்து, பெட்டியில் கட்டி, விமானமேற்றி அயல்நாடு ஒன்றுக்கு அனுப்பி, அங்கிருந்து வானுக்கு ஏற்றி, மறுபடி இங்கே இறக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரருடன் பேசக் கப்பலேறிச் சிங்கப்பூர் போய்த் தந்தி கொடுப்பது போன்ற இந்தக் காரியத்தை, அரசாங்கமும் ஜனங்களும் சகஜமென்றே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வானிலிருந்து இறங்கியதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் கேபிள்காரர். இந்தப் புரட்சியில் மெய்யாகப் பாடுபட்டவர் அவர்தான் என்பது என் அபிப்பிராயம். எங்கள் தெருக்கோடியில் வீடியோ கேசட் வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், கடைக்கு மேல் ஓட்டை எடுத்துவிட்டுத் தளம் போட்டு, அதில் ஓர் ஆள் உயரத்துக்கும் பெரிதான வலைக் குடையொன்றைக் கவிழ்த்துப் பிடித்தாற்போல் நிறுத்தினார். ஒவ்வொரு கோளுக்கும் தனித்தனிக் குடை வேண்டுமாகையால், தமிழுக்கென்று இன்னொன்றும் சீக்கிரமே அதன் பக்கத்தில் எழுந்தது. உள்ளே ஓர் அறை; அதில் பலகையில் அடுக்கிய ரிசீவர்கள், சூட்டைத் தணிக்கச் சதா சுழலும் ஒரு மேசை விசிறி, இராத்திரி படம் போடுவதற்கு ஒரு வி.சி.ஆர்., ஊதுபத்திப் புகையில் கறுத்த பிள்ளையார் படம். அங்கிருந்து புறப்பட்ட கறுப்புக் கம்பி மின்கம்பத்திலும் முருங்கை மரத்திலும் தென்னையிலும் தொற்றி, கோயில் தேர் ஓடும் வீதியில் மட்டும் மரியாதையாக உயர்ந்து, மாட்டுக்கொட்டகை வழியே கொல்லைப்புறமாக வீட்டுக்குள் நுழையும். மழைக்காலத்தில் எந்த வீட்டில் படம் மங்கினாலும், தோளில் மூங்கில் ஏணியும் வாயில் இன்சுலேஷன் டேப்புமாக அவரே வந்து நிற்பார். அவர் தொழிலைப் பற்றி ஒரு வரியேனும் எந்தச் சட்டப் புத்தகத்திலும் அன்று இல்லை; கேபிள் சட்டம் என்று ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1995இல்தான்.

1993 ஜூலை மாதத்தை நினைத்தால் இரண்டு சம்பவங்கள் எனக்குச் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு நிறைவேறவில்லையென்று முதலமைச்சர் ஜெயலலிதா மெரினாக் கடற்கரையில் உண்ணாவிரதம் இருந்த மாதம் அது. அதே மாதத்தில் ரூபர்ட் முர்டோக் என்ற பத்திரிகை முதலாளி, ஸ்டார் டி.வி.யில் 63.6 சதவிகிதப் பங்கை 52.5 கோடி டாலருக்கு வாங்கினார். நாங்கள் ஆற்றில் வரவேண்டிய தண்ணீருக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் தலைக்கு மேலிருந்த ஆகாயம் சத்தமில்லாமல் கைமாறியது. அம்மனிதர் செப்டம்பரில், நவீனத் தகவல் சாதனங்கள் சர்வாதிகார ஆட்சிகளுக்கு ஆபத்து என்ற கருத்தைப் பகிரங்கமாகப் பேசினார். சீன அரசு அக்டோபரில் தனிமனிதர் டிஷ் வைப்பதைத் தடை செய்தது. இந்தியாவோ தடுக்கவும் இல்லை, அனுமதிக்கவும் இல்லை. ஆகஸ்டில் தூர்தர்ஷனே செயற்கைக்கோள் அலைவரிசைகளைத் தொடங்கியது. அம்மாத இறுதியில் மலையாளத்தில் ஏசியாநெட் வந்தது.

நவம்பரில் வந்த வழக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது. அதைக் கிரிக்கெட் வழக்கென்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பைப் பந்தயங்களை ஒளிபரப்பும் உரிமையை டி.டபிள்யூ.ஐ. என்ற அயல்நாட்டு நிறுவனத்துக்கு விற்றது. தூர்தர்ஷன் சினந்தது, நிறுவனத்தின் கருவிகள் பம்பாயில் சுங்க அதிகாரிகளிடம் சிக்கின, உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் படம் பிடிக்க வழி பிறந்தது. நவம்பர் 24ஆம் நாள் இரவு, கல்கத்தா ஈடன் தோட்டத்தின் விளக்கொளியில் நடந்த அரையிறுதியில், வெற்றிக்கு ஆறு ஓட்டங்கள் தேவையாக இருந்த தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகக் கடைசி ஓவரை டெண்டுல்கர் வீசி, மூன்றே ஓட்டங்கள் கொடுத்தார். மூன்று நாள் கழித்து இறுதிப் போட்டியில் கும்ப்ளே 12 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட் எடுத்தார். ஜனங்கள் பார்த்தது அதை; நீதிமன்றம் பார்த்தது வேறு. அந்த வழக்கின் தீர்ப்பு 1995 பிப்ரவரி 9 அன்று வந்தபோது, அலைகள் பொதுச்சொத்து, அவற்றின் மீது அரசாங்கத்துக்கு ஏகபோகம் இல்லை என்று நீதிபதிகள் தீர்மானித்தார்கள். ஆற்றுநீர் யாருக்குச் சொந்தம் என்று தலைமுறை தலைமுறையாக வாதாடிவரும் டெல்டாக்காரனுக்கு இந்த வாக்கியம் புதிதல்ல; பொதுச்சொத்து என்று எழுதிவிட்டால் மட்டும் அது கடைமடைக்கு வந்துவிடாது என்பதையும் அவன் அறிவான்.

இந்த மாறுதல் நன்மையா என்று என்னிடம் பலர் கேட்டதுண்டு. தமிழ் நிறைந்தது, நாடகக்காரர்களுக்கும் பாடகர்களுக்கும் செய்தி வாசிப்போருக்கும் ஜீவனம் கிடைத்தது. நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் 1930இல் பிறந்த கே. பாலசந்தர், தூர்தர்ஷனுக்கு ‘ரயில் சிநேகம்’ எடுத்தபோதே சின்னத் திரையின் அருமையை உணர்ந்தவர். தனியார் அலைவரிசைகள் பெருகியதும் தொடர் மேல் தொடராக எடுத்தார். ஆயினும் வாய்க்கால் பாசனத்தில் ஒரு விசேஷம் உண்டு: தண்ணீர் எல்லா வயலுக்கும் ஒரே முறையில் வரும், ஊரே ஒன்றாக மண்வெட்டி எடுக்கும். போர் போட்டு மோட்டார் வைத்த பிறகு, அவரவர் வேண்டியபோது இறைத்துக்கொள்ளலாம். பக்கத்து வயலில் என்ன நடக்கிறதென்று பார்க்கும் அவசியம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இராமாயணத்துக்காக எங்கள் கூடத்தில் உட்கார இடமில்லாமல் திண்ணை வரை நிறைந்திருந்த ஜனக்கூட்டம், கம்பி ஒவ்வொரு வீட்டுக்கும் வந்த பின்னர் மறுபடி ஒரு நாளும் கூடவில்லை. அதற்காக அந்தக் கம்பியை அறுத்துவிடலாமா என்றால், முதல் ஆட்சேபம் என்னிடமிருந்தே வரும்.

அந்நாளில் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த எங்கள் வட்டத்துக்கு 1993ஆம் ஆண்டு வேறொரு விதமாக முடிந்தது. டிசம்பர் 4ஆம் நாள் கடும் புயலொன்று காரைக்கால் அருகே கரையைக் கடந்தது. தென்னைகள் சாய்ந்தன; கதிர் வாங்கும் சம்பா நீரில் படுத்தது; கேபிள்காரரின் இரு குடைகளும் நெளிந்து பக்கத்துக் கொல்லையில் கிடந்தன. எங்கள் மாடியிலிருந்த ஆன்டெனாக் குழாய் அடியோடு முறிந்து முற்றத்தில் விழுந்தது. கேபிள்காரர் பத்தே நாளில் எல்லாக் கம்பிகளையும் மறுபடி இழுத்துக் கட்டிவிட்டார். குழாயை நிமிர்த்த வேண்டுமென்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. மாமா அதை இரண்டாக அறுத்து மாட்டுக்கொட்டகைக்கு விட்டமாகப் போட்டார்.