மானுக்குத் தொற்றிய நம் கிருமி: வேட்டைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

காட்டிலிருந்துதான் ஊருக்கு நோய் வரும் என்று நம்பியிருந்தோம். அது ஊரிலிருந்து காட்டுக்கும் போகும் என்பதைக் கோவிட் காட்டிவிட்டது. அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் 2021இல் பரிசோதித்த வெள்ளைவால் மான்களின் ரத்த மாதிரிகளில் சுமார் 40 விழுக்காட்டில் கொரோனா எதிர்ப்பொருள் இருந்தது. மனிதரிடமிருந்து போன கிருமி மானுக்கு மான் பரவியிருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் அது மானிடமிருந்து ஒருவருக்குத் திரும்பி வந்திருக்கலாம் என்று மரபணு ஆய்வு சொன்னது. சென்னை வண்டலூர் உயிரியல் பூங்காவின் சிங்கங்களுக்கும் அதே 2021இல் கோவிட் வந்தது.

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று நாம் ஒதுக்க முடியாது. 1998இல் நம் மலேசியாவின் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கியது நிப்பா என்னும் கிருமி நோய். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து பண்ணையாட்களுக்கும் தொற்றியது. அதிகாரிகள் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் உண்மையான கிருமியைப் பிரித்தெடுத்தார். மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தார்கள். நோய் இன்னதென்று அறியாமல் கழிந்த மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

பினாங்கின் சுங்கை பாக்காப்பில் செம்பனைத் தோட்டங்களும் பன்றிப் பண்ணைகளும் அருகருகே இருக்கின்றன. காட்டுப்பன்றி இறைச்சி வீட்டுக்கு வந்தால், அதை வெட்டிக் கழுவுவது பெரும்பாலும் பெண்கள். நன்றாக வெந்த இறைச்சியால் கோவிட் பரவியதற்குச் சான்றில்லை; ரத்தமும் குடலும் கையில் படும் நேரத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். கையுறையும் முகக்கவரியும் போடுங்கள், சவர்க்காரத்தால் கை கழுவுங்கள். தள்ளாடும் விலங்கையும் செத்துக் கிடப்பதையும் தொடாமல் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கோ கால்நடைத் துறைக்கோ சொல்லுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் காட்டுப் பக்கமே போகாதீர்கள்.

2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமமில்லாமல் வேட்டையாடினால் அபராதமும் சிறையும் உண்டு. தீபகற்பத்தில் ரூசா, கீஜாங் மான் வேட்டைக்கு 2009இலேயே தடை விதிக்கப்பட்டது. இந்தத் தண்டனைப் பயத்தில்தான் பலர் மருத்துவரிடம் வாய் திறப்பதில்லை. ஆனால் மறைத்தால் இழப்பு நமக்கே. பண்ணை வேலையால் நோய் வந்தால் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் இழப்பீடு கோரலாம், வெளிநாட்டுத் தொழிலாளரும் கோரலாம். அதற்கும் மருத்துவப் பதிவு வேண்டும்.

ஆகவே காய்ச்சலோடு தலைவலியோ மயக்கமோ வந்தால் சுங்கை பாக்காப் மருத்துவமனைக்கு உடனே போங்கள். எந்த விலங்கைத் தொட்டீர்கள், எப்போது தொட்டீர்கள் என்பதை மருத்துவர் கேட்கும்முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.