பண்டிகைப் பந்தி – 7: கண்ணீர் வரவழைக்கும் மீன்

சென்ற வாரம் ஜப்பானில் கிறிஸ்துமஸ் கோழிக்காக வரிசையில் நின்றோம். 1974-ல் ஒரு விளம்பரம் கிளப்பிவிட்ட பழக்கம் அது. இந்த வாரம் போகும் ஊரில் விளம்பரத்துக்கு வேலையே இல்லை. பண்டத்தின் வாடையே தெருமுனை வரை வந்து நம்மை வரவேற்கும்.

ஊர் ஐஸ்லாந்து, நாள் டிசம்பர் 23. தலைநகர் ரெய்க்யவிக்கில் அன்று சூரியன் காலை பதினொன்றரைக்கு அருகில்தான் தலைகாட்டும். மாலை மூன்றரைக்குப் போய்விடும். அந்த நான்கு மணி நேர வெளிச்சத்தில் பல வீடுகளிலும் உணவகங்களிலும் ஸ்காட்டா என்ற மீன் வேகும். நம் திருக்கைக்குச் சொந்தக்கார மீன். பிடித்தவுடன் சமைப்பதில்லை. உப்புகூடப் போடாமல் குவித்துவைத்து, வாரக்கணக்கில் புளிக்கவிட்டு, பிறகுதான் அடுப்பேற்றுகிறார்கள்.

திருக்கை வாங்கிப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். மீன் கொஞ்சம் பழசானாலும் மூத்திர வாடை அடிக்கும். காரணம் இதுதான்: கடலின் உப்புக்கு ஈடுகொடுக்க, சுறாவும் திருக்கையும் தங்கள் உடம்பில் யூரியாவைத் தேக்கிவைத்திருக்கின்றன. மீன் செத்ததும் பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. நாம் மூக்கைச் சுளித்து ஒதுக்கும் அந்த அம்மோனியாதான் ஐஸ்லாந்துக்காரர்களுக்குக் காவல்காரன். மீனில் காரத்தன்மை ஏறிவிடுவதால், மற்ற கிருமிகள் தலையெடுக்க முடியாது. கருவாடு போட நமக்கு வெயிலும் உண்டு, உப்பளமும் உண்டு. அவர்களுக்கு இரண்டுமே தட்டுப்பாடு. இருந்ததை வைத்து மீனைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டார்கள்.

பாத்திரத்தின் மூடியைத் திறந்தால் முதலில் கண் எரியும், பிறகு மூக்கு அடைபடும். வெந்த மீன் குருத்தெலும்பிலிருந்து நார்நாராகப் பிரிந்துவரும். அவித்த உருளைக்கிழங்கும் கம்பு போலக் கறுத்த ரை ரொட்டியும் பக்கத்தில் இருக்கும். மேலே உருக்கிய ஆட்டுக் கொழுப்பை ஊற்றுவார்கள். ஒரு வாய் வைத்ததும் காரம் தொண்டையைத் தாண்டி மூக்கில் ஏறும். மிளகாய்க் காரமல்ல, அம்மோனியாவின் காரம். அதை அடக்க பிரென்னிவின் என்ற நாட்டுச் சாராயம். அடுக்குமாடி வீடுகளில் அண்டை வீட்டாரின் வசவுக்குப் பயந்து, கார் நிறுத்தும் கொட்டகையில் அடுப்பு வைத்துச் சமைப்பவர்களும் உண்டு.

இந்த நாளுக்கு தோர்லாக் திருவிழா என்று பெயர். ஸ்கால்ஹோல்ட்டின் ஆயராக இருந்த தோர்லாக் இறந்தது 1193 டிசம்பர் 23-ல். கத்தோலிக்க நாடாக இருந்த அக்காலத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் இறைச்சி கூடாது. மேற்கு ஃபியோர்டு என்னும் வடமேற்குக் கரையில் இலையுதிர் காலத்தில் கிடைத்தது ஸ்காட்டா. விரத நாளில் வாய்க்கு ருசியாக எதுவும் கூடாது, அப்போதுதான் மறுநாள் பண்டிகை இனிக்கும் என்பது கணக்கு. அதற்கு இதைவிடப் பொருத்தமான மீன் வேறேது!

1550-ல் கடைசிக் கத்தோலிக்க ஆயர் யோன் அராசனின் தலை வெட்டப்பட்டது. நாடு லூத்தரன் சபைக்கு மாறியது. விரதம் போயிற்று, மீன் போகவில்லை. இருபதாம் நூற்றாண்டில் மேற்குக் கரைக்காரர்கள் பிழைப்புத் தேடி ரெய்க்யவிக்குக்கு வந்தபோது, மூட்டை முடிச்சோடு இந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். இன்று ஸ்காட்டா விருந்துக்கு உணவகங்களில் முன்பதிவு நடக்கிறது. தாங்க முடியாத விருந்தாளிகளுக்கென்று பக்கத்திலேயே உப்புமீனும் வைக்கிறார்கள்.

இல்லாமையில் பிறந்த சாப்பாடு, வசதி வந்தபின் பெருமையாகிவிடுகிறது. கம்பங்கூழை நட்சத்திர ஹோட்டலில் மண்குவளையில் ஊற்றிக் கொடுக்கும் காலத்தில் இருக்கும் நமக்கு இது விளங்காமல் போகாது. தாத்தா வேறு வழியில்லாமல் தின்றதைப் பேரன் காசு கொடுத்துத் தின்கிறான். பிடித்துத்தான் தின்கிறானா என்பது வேறு விஷயம். கண்ணீர் வழிய வழியத் தட்டைக் காலி செய்கிறான். அடுத்த வருஷமும் வருகிறான்.

மீன் பாத்திரத்தைக் கழுவியதும் பல வீடுகளில் அதே அடுப்பில் ஹாங்கிக்யோட் ஏறும். புகை போட்ட ஆட்டுக்கறி அது, கிறிஸ்துமஸ் பந்திக்கானது. அதன் புகைமணம் மீன் வாடையைத் துரத்திவிடும் என்பது வீட்டுப் பெண்களின் கைவைத்தியம். வீட்டிலிருந்து வாடை போகும். துணியிலிருந்து லேசில் போகாது. டிசம்பர் 23-ல் ரெய்க்யவிக் போக நேர்ந்தால், நல்ல கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.